இரண்டுமே மீட்டும் கருவி, சிக்கலே அதுதான்: போன்சேயின் கிட்டார்–ஹார்ப்சிகார்ட் சொனாட்டா

கிட்டாரையும் ஹார்ப்சிகார்டையும் (சாவியை அழுத்தினால் கம்பியை மீட்டும், பியானோவுக்கு முந்தைய கருவி) ஒரே மேடையில் உட்கார வைப்பது பார்வைக்குச் சுலபமான யோசனை. இரண்டிலும் கம்பிதான் மீட்டப்படுகிறது. இரண்டிலும் ஒலி பிறந்த கணத்திலிருந்தே தேயத் தொடங்கிவிடுகிறது. இரண்டுமே பெரிய அரங்கை நிரப்பும் குரல் இல்லாதவை. நன்றாக ஒத்துப்போகும் என்றுதான் தோன்றும். வாசித்துப் பார்த்தால் அந்த ஒற்றுமையே வம்பு என்று தெரியும். வயலினும் பியானோவும் சேர்ந்தால் காது இரண்டையும் தானாகப் பிரித்துக்கொள்கிறது. இங்கே பிரிப்பதற்குப் பிடி கிடைப்பதில்லை. சாதாரண கிட்டாரின் கீழ் ஈ 82 ஹெர்ட்ஸ், 19-ஆம் ஃப்ரெட்டில் (கழுத்தில் பதித்த உலோகக் கட்டை) மேல் பி 988 ஹெர்ட்ஸ். ஐந்து ஸ்தாயி ஹார்ப்சிகார்ட் 44-இல் தொடங்கி 1397 வரை போகிறது. கிட்டாரின் முழு வீச்சும் ஹார்ப்சிகார்டின் வயிற்றுக்குள் அடங்கிவிடுகிறது. ஒன்று இன்னொன்றை விழுங்காமல் எழுதத் தெரிந்தவர்கள் மிகச் சிலர்.

மெக்சிக்கோவின் மனுவேல் போன்சே 1926-இல் எழுதிய சொனாட்டா அந்தச் சிலவற்றில் முன்வரிசை. ஏறக்குறைய கால் மணி நேரம், மூன்று பகுதிகள். மதிப்பெண் கேட்டால் இசைக்கு ஐந்துக்கு நாலரை. மேடையில் அது கேட்கும் விதத்துக்குப் பெரும்பாலும் மூன்றுக்கு மேல் கொடுக்க முடிவதில்லை. குறை இசைத்தாளில் இல்லை. வாசிப்பவர்களின் விரல்களிலும் அநேகமாக இல்லை. சுருதி, ஸ்டாப் (எந்தக் கம்பி வரிசை ஒலிப்பது என்று மாற்றும் அமைப்பு), நாற்காலி என்று கச்சேரிக்கு முன்பே தீர்க்க வேண்டிய மூன்று விஷயங்களில் இருக்கிறது.

முதலில் படைப்பைப் பற்றி. போன்சே 1882-இல் பிறந்தவர், பியானோக்காரர். 1912-இல் எழுதிய ‘எஸ்த்ரெயீத்தா’ பாட்டால்தான் உலகம் அவரை அறியும். 1923-இல் ஸ்பானியக் கிட்டார் கலைஞர் ஆந்த்ரேஸ் செகோவியா மெக்சிக்கோவில் வாசித்ததிலிருந்து இருவருக்கும் நட்பு தொடங்கி, போன்சேயின் கிட்டார் படைப்புகள் வரிசையாக வந்தன. 1925-இல் பாரிஸ் போய் இசையமைப்பாளர் பால் டியூக்காவிடம் பாடம் கற்றார். இந்தச் சொனாட்டா அந்தப் பாரிஸ் வாசத்தின் தொடக்கத்தில் பிறந்தது. அப்போது அங்கே ஹார்ப்சிகார்ட் புதிதாக உயிர்பெற்றிருந்தது. ஹார்ப்சிகார்ட் கலைஞர் வாண்டா லாண்டோவ்ஸ்கா, பிளேயெல் நிறுவனம் கட்டிய தன் கருவியோடு, நவீன இசையமைப்பாளர்களை எழுதத் தூண்டிக்கொண்டிருந்தார். ஸ்பெயினின் மனுவேல் டி ஃபாயாவின் ஹார்ப்சிகார்ட் கன்செர்ட்டோ முதலில் வாசிக்கப்பட்டதும் அதே 1926-இல்தான்.

பிளேயெலை இங்கே இழுத்ததற்குக் காரணம் உண்டு. 1920-களின் பாரிஸில் ஹார்ப்சிகார்ட் என்றால் மனதில் வருவது பியானோ தொழிற்சாலையில் கட்டிய கனமான கருவி. தோலால் செய்த மீட்டி (கம்பியைப் பறிக்கும் சிறு முள்), ஒரு ஸ்தாயி கீழே பேசும் 16 அடி வரிசை, காலால் மிதித்து ஸ்டாப் மாற்றும் பெடல்கள். இன்று மேடையில் கிடைப்பது அநேகமாக 18-ஆம் நூற்றாண்டு பிரெஞ்சுக் கருவியின் நகல். மெல்லிய பலகை, பிளாஸ்டிக் மீட்டி, எழுதிய ஸ்தாயியிலேயே பேசும் இரண்டு 8 அடி வரிசை, ஒரு ஸ்தாயி மேலே பேசும் ஒரு 4 அடி வரிசை, கையால் தள்ளும் நெம்பு. ஒரே பெயர், இரண்டு வேறு மிருகங்கள். பெடல் வைத்த கருவியில் ஒரு வாக்கியத்தின் நடுவிலேயே நிறம் மாற்றலாம். நகலில் அதற்குக் கை ஓய்வாக இருக்க வேண்டும், இந்த இசையில் கைக்கு ஓய்வே கிடையாது. அதனால் நிறமாற்றங்களை மேல் சாவிவரிசை, கீழ் சாவிவரிசை என்ற இரண்டுக்குள்ளேயே திட்டமிட்டுப் பென்சிலால் குறித்துக்கொண்டு உட்கார வேண்டும்.

முதல் பகுதி அல்லெக்ரோ மொடெராட்டோ. மேலோட்டமாகப் பழைய பரோக் நடை, உள்ளே இருபதாம் நூற்றாண்டு ஸ்வரக்கூட்டங்கள். இங்கேதான் ஹார்ப்சிகார்ட்காரர் இசைத்தாளால் ஏமாறுவார். கிட்டாரின் ஸ்வரங்கள் எழுதப்பட்டதைவிட ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கின்றன. தாளில் கிட்டார் வரி உங்கள் வலது கைக்கு மேலே, ராகம் பாடுவது போல நிற்கும். காதில் அது உங்கள் வலது கைக்கும் இடது கைக்கும் நடுவே வந்து மாட்டிக்கொள்ளும். முதல் ஒத்திகைக்கு முன்பே கிட்டார் வரியை ஒரு ஸ்தாயி இறக்கி ஹார்ப்சிகார்டில் தனியாக வாசித்துப் பார்த்தால் எங்கெல்லாம் உங்கள் கை அதன்மேல் ஏறி உட்காருகிறது என்று தெரிந்துவிடும். அந்த இடங்களில் மேல் சாவிவரிசைக்குப் போய்விடுவதே முறை.

இரண்டாம் பகுதி அந்தாந்தீனோ அஃபெத்துவோசோ. சொனாட்டாவின் உயிர் இதுதான். மற்ற இரண்டும் இல்லாவிட்டாலும் இதற்காகவே இசைத்தாள் வாங்கலாம். கெடுவதும் இதுவே அதிகம், காரணம் வேகம். அஃபெத்துவோசோ என்ற சொல்லைப் பார்த்ததும் உருகத் தொடங்கி இழுத்துவிடுகிறார்கள். கிட்டாரின் முதல் கம்பியில் மேல் ஃப்ரெட்டுகளில் மீட்டிய ஸ்வரம் சீக்கிரமே தேய்ந்துவிடும். ஹார்ப்சிகார்டின் கீழ்க்கம்பியோ சாவியை விடும் வரை முழங்கிக்கொண்டே இருக்கும். வேகம் குறையக் குறைய ராகம் துண்டு துண்டாகவும், பக்கவாத்தியம் நீண்ட கோடாகவும் ஆகி, பாடுபவர் யார் என்பதே தலைகீழாகிவிடுகிறது. அந்தாந்தீனோ என்று எழுதியிருக்கிறது, நடக்கட்டும். ஒரு கிட்டார் ஸ்வரம் மறைவதற்குள் அடுத்தது வந்துவிட வேண்டும் என்பதே இங்கே மெட்ரோனோம்.

மூன்றாம் பகுதி அல்லெக்ரோ நோன் த்ரோப்போ எ பியாசெவோலே. அதிக வேகம் வேண்டாம், இனிமையாக இரு என்று தலைப்பே சொல்கிறது. பந்தயம் ஓடுபவர்களுக்கு மட்டும் இது கஷ்டமான பகுதி.

இனி அந்த மூன்று விஷயங்கள்.

சுருதிதான் எல்லாவற்றுக்கும் முதல். வாடகைக்கு வரும் ஹார்ப்சிகார்ட் பெரும்பாலும் ஏ ஸ்வரம் 415 ஹெர்ட்ஸில் இருக்கும். கிட்டார் 440. வித்தியாசம் சரியாக ஒரு அரை ஸ்வரம். பல கருவிகளில் சாவிவரிசையை ஒரு கட்டை நகர்த்தி 440-க்குக் கொண்டுவரலாம். அந்த வசதி உண்டா என்று கருவிக்காரரிடம் முன்பணம் கொடுக்கும்போதே கேளுங்கள், கச்சேரி அன்று காலையில் கேட்டுப் பயனில்லை. வசதி இல்லையென்றால் கிட்டார் இறங்க வேண்டும். அரை ஸ்வரம் இறக்கினால் கம்பியின் இழுவிசை சுமார் 11 சதவீதம் குறைகிறது. சாதாரணக் கம்பியில் இதன் விளைவு உடனே தெரியும்: ஆறாம் கம்பி தொளதொளத்து ஃப்ரெட்டில் இடித்துச் சலசலக்கும், மூன்றாம் கம்பி அழுத்தும்போது சுருதி மேலே வழுக்கும். கூடுதல் இழுவிசைக் கம்பி மாட்டினால் ஏறக்குறைய பழைய பிடி திரும்பக் கிடைக்கும். ஆனால் நைலான் கம்பி இறுகி நிலைக்கச் சில நாட்கள் பிடிக்கும், ஒத்திகை வாரத்தின் தொடக்கத்திலேயே மாற்றிவிட வேண்டும். கேப்போ (கிட்டார் கழுத்தில் மாட்டும் கவ்வி) போட்டால் சுருதி ஏறத்தான் செய்யும், இறங்காது. இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது என்பதே வேடிக்கை.

அடுத்தது, பலரும் கவனிக்காமல் விடும் இடம்: சுருதிப் பங்கீடு, அதாவது ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு ஸ்வரங்களாகப் பிரிக்கும் முறை. ஹார்ப்சிகார்டுக்குச் சுருதி சேர்ப்பவர் பழக்கத்தில் வல்லோட்டி போன்ற பழைய பங்கீட்டை வைத்துவிட்டுப் போவார். தனியாகக் கேட்டால் அது அழகு. கிட்டாரின் ஃப்ரெட்டுகளோ எல்லா அரை ஸ்வரமும் சமமாக இருக்கும் சமப் பங்கீட்டுக்கு வெட்டி அடித்தவை, அவற்றை இனி நகர்த்த முடியாது. இரண்டு கருவியின் ஏ-வையும் ஒன்றாக வைத்துவிட்டு எஃப்-க்குப் போனால் வல்லோட்டியில் ஹார்ப்சிகார்ட் சுமார் 8 சென்ட் (அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) மேலே நிற்கிறது. பி-யில் 4 சென்ட் கீழே. எட்டு சென்ட் என்றால் ஒன்றுமில்லை என்று தோன்றும். முதல் கம்பி, முதல் ஃப்ரெட், 349 ஹெர்ட்ஸ் எஃப்-ஐக் கிட்டாரும் ஹார்ப்சிகார்டும் சேர்ந்து பிடித்தால் நொடிக்கு ஒன்றரை முறை வீதம் ஒலி அலைந்து எழும். கேட்பவருக்குக் காரணம் புரியாது, கிட்டார் சுருதி சரியில்லை என்றுதான் சொல்வார். பழி எப்போதும் கிட்டாருக்கே. ஆகவே இந்தப் படைப்புக்கு ஹார்ப்சிகார்டைச் சமப் பங்கீட்டில்தான் வைக்கச் சொல்ல வேண்டும். பரோக் ஆர்வலர்கள் முகம் சுளிப்பார்கள். 1926-இன் இசை, எல்லாச் சுருதிக்கும் உலவும் ஸ்வரக்கூட்டங்கள், சமப் பங்கீட்டில் இது எதையும் இழப்பதில்லை.

சுருதி சேர்க்கும் வரிசையும் முக்கியம். ஹார்ப்சிகார்ட் முதலில், கிட்டார் அதைப் பார்த்து. ஐந்து ஸ்தாயிக்கு 61 சாவி. இரண்டு 8 அடி வரிசைக்கு 122 கம்பி, 4 அடியையும் சேர்த்தால் 183. இந்தப் படைப்புக்கு 4 அடி வேண்டியதில்லை (காரணம் கீழே), அதை மூடிவிட்டால் மூன்றில் ஒரு பங்கு வேலை மிச்சம். பிறகு கிட்டார்காரர் ஒரே ஒரு ஏ வாங்கிக்கொண்டு மற்றதைத் தானே சேர்த்துக்கொள்ளக் கூடாது. ஐந்தாம் ஃப்ரெட், ஏழாம் ஃப்ரெட் ஹார்மோனிக்கை (கம்பியை அழுத்தாமல் தொட்டு எழுப்பும் மேலொலி) ஒப்பிட்டுச் சேர்க்கும் முறையில் ஏழாம் ஃப்ரெட் தருவது சுத்தப் பஞ்சமம், சமப் பங்கீட்டுப் பஞ்சமத்தைவிட 2 சென்ட் அகலம். கம்பிக்குக் கம்பி அது சேர்ந்துகொண்டே போகும். ஆறு திறந்த கம்பிகளையும் ஹார்ப்சிகார்டின் ஆறு ஸ்வரங்களோடு, அதே ஸ்தாயியில், ஒற்றை 8 அடியில், ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். மேடை விளக்கைப் போட்டு அரை மணி நேரம் கழித்துச் சேர்ப்பது நல்லது. சூட்டில் உலோகக் கம்பி தளர்ந்து இறங்கும், ஈரப்பதம் ஏறினால் பலகை உப்பிச் சுருதி ஏறும். ஆள் இல்லாத குளிர்ந்த அரங்கில் சேர்த்த சுருதி, ஆள் நிறைந்த அரங்கில் நிற்காது.

இரண்டாவது, ஸ்டாப். கேள்வி ஒன்றுதான்: எத்தனை வரிசைக் கம்பிகள்? பதிலும் ஒன்றுதான்: ஒன்று. இரண்டு 8 அடியையும் இணைத்துவிட்டால் கிட்டார் மறைந்துவிடும். 4 அடியைச் சேர்த்தால் கிட்டாரின் நகவொலி வாழும் மேல் அலைவரிசையை அது மூடிவிடும். இணைப்பைக் கிட்டார் ஓய்வாக இருக்கும் இடங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வரிசை என்றால் எந்த வரிசை? இங்கே என் கட்சி மேல் சாவிவரிசையின் 8 அடி. அது கம்பியை முனைக்கு அருகே மீட்டுவதால் சற்று மூக்கொலி, மெலிவு. கீழ் வரிசை உருண்டையான, அழகான குரல். அந்த அழகே கிட்டாரின் குரல்தான், அதுவே கிட்டாரை அழிக்கும். மூக்கொலிக்கு எதிரே கிட்டார்காரர் துளைக்குப் பக்கமாகக் கையை நகர்த்தி மென்மையாக மீட்டினால் இரண்டு குரலும் தனித்தனியாக நிற்கும்.

லூட் ஸ்டாப் என்று ஒரு ஆசை காட்டும் நெம்பு உண்டு. கம்பியின் முனையில் தோல் திண்டு வந்து ஒட்டி, ஹார்ப்சிகார்டைக் கிட்டார் போலவே பேச வைக்கும். ஒத்திகையில் முதல் நாள் எல்லோரும் இதைப் போட்டு மகிழ்வார்கள். பத்து நிமிடத்தில் யார் எந்த ஸ்வரம் வாசித்தார் என்றே தெரியாமல் போகும். திண்டு சீராக ஒட்டாவிட்டால் சில ஸ்வரங்கள் சுருதியும் மாறும். எதிரொலி போல ஒரு வாக்கியம் திரும்ப வரும் இடத்தில் ஒரே ஒருமுறை போடலாம், அதுவும் நெம்புக்குக் கை போக நேரமிருந்தால்.

ஒற்றை வரிசையும் சத்தமாக இருந்தால், மீட்டிகள் பெரிய குழுவுக்காகச் செதுக்கப்பட்டவை என்று பொருள். ஜாக்குகளை (மீட்டியைச் சுமந்து எழும் குச்சிகள்) தாங்கும் பட்டைக்கு ஒரு நிறுத்துத் திருகு இருக்கும் கருவியானால், அதை இம்மி திருப்பினால் மீட்டி கம்பியை மேவும் அளவு குறைந்து ஒலி தணியும். கருவிக்காரர் முன்னிலையில் செய்யுங்கள். கொஞ்சம் கூடினால் ஜாக் கம்பியைத் தொடாமலே தாண்டிப்போய் ஸ்வரங்கள் காணாமல் போகும்.

மூன்றாவது நாற்காலி. பாடகர் பியானோ வளைவில் நிற்பது போலக் கிட்டார்காரரை ஹார்ப்சிகார்டின் வளைவில் உட்கார வைப்பதுதான் வழக்கமான தவறு. திறந்த மூடி ஒலியை நேராக அவர் காதுக்குள் தள்ளும். தன் கிட்டாரே கேட்காமல் அவர் பலமாக மீட்டுவார், குரல் கரகரக்கும். சாவிவரிசைப் பக்கமாக, ஒரு மீட்டரோ ஒன்றரை மீட்டரோ முன்னால் தள்ளி உட்கார வையுங்கள். மூடிக்குக் குட்டைக் கம்பு. முழுதாக மூடினால் ஒலி குறைவதைவிட மங்குவதே அதிகம். ஒலிபெருக்கி தவிர்க்க முடியாத அரங்கு என்றால் கிட்டாருக்கு மட்டும், அவர் முதுகுக்குப் பின்னால் ஒரே ஒரு சிறிய பெட்டி. பெருக்கியிருக்கிறது என்று யாருக்கும் தெரியாத அளவில் நிறுத்த வேண்டும்.

இந்த இடத்தில் இருவரும் ஒருவர் கையை ஒருவர் பார்க்க முடிவதும் முக்கியம். இரண்டு கருவிக்கும் ஒலியின் தொடக்கம் கூர்மையான புள்ளி. சிறு பிசகும் இரட்டைத் தட்டாகக் கேட்கும். ஹார்ப்சிகார்ட் சாவி முழுதாக இறங்கும் முன், பாதி வழியிலேயே கம்பி மீட்டப்பட்டுவிடுகிறது. அந்தப் புள்ளியைக் கிட்டார்காரர் விரலில் பார்த்துப் பழக வேண்டும். ஸ்வரக்கூட்டங்களில் இது இன்னும் மோசம். ஹார்ப்சிகார்ட்காரர் கூட்டத்தைக் கீழிருந்து மேலாக உருட்டி வாசிப்பது அவர் இலக்கணம். கிட்டார்காரரின் கட்டைவிரலும் ஆறு கம்பியை உருட்டியே கடக்கும், அதற்குக் கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு நொடி ஆகும். இருவரும் உருட்டினால் பை கிழிந்து கடலை கொட்டியது போலத்தான். ஒவ்வொரு கூட்டத்துக்கும் யார் உருட்டுவது, யார் ஒரே அடியாகப் பறிப்பது, தாளத்தின் மேல் விழ வேண்டியது அடி ஸ்வரமா முடி ஸ்வரமா என்று தாளில் அம்புக்குறி போட்டுத் தீர்மானியுங்கள். இந்த ஒரு வேலைக்கே ஒரு முழு ஒத்திகை தரலாம்.

இன்னொன்று, ஒலிப்பதிவில்கூடக் காதில் விழும் குறை. ஹார்ப்சிகார்டில் சாவியை விட்டதும் துணித் தடை இறங்கி ஒலி நின்றுவிடும். கிட்டாரின் திறந்த கம்பிக்கு அப்படி யாரும் இல்லை. ஹார்ப்சிகார்ட் அடுத்த ஸ்வரக்கூட்டத்துக்குப் போன பிறகும் பழைய ஏ அடியில் முனகிக்கொண்டிருக்கும். தனிக் கச்சேரியில் யாரும் கவனிக்காத இந்த முனகல் இங்கே தப்பு ஸ்வரமாகவே கேட்கும். கட்டைவிரலின் பக்கத்தால் கம்பியைத் தொட்டு நிறுத்த வேண்டிய இடங்களையும் தாளில் குறித்துக்கொள்ள வேண்டியதுதான்.

கேட்டுப் பார்க்க, கிட்டார் கலைஞர் ஜான் வில்லியம்ஸும் ஹார்ப்சிகார்ட் கலைஞர் ரஃபாயேல் புயானாவும் சேர்ந்து செய்த ஒலிப்பதிவு இன்றும் நல்ல தொடக்கம். புயானா கொலம்பியாக்காரர், லாண்டோவ்ஸ்காவின் மாணவர். ஆகவே போன்சே மனதில் இருந்திருக்கக்கூடிய ஹார்ப்சிகார்ட் மரபு அவர் கைக்கு அந்நியமில்லை. ஆனால் ஒலிப்பதிவின் சமநிலையை மேடைக்கு அளவுகோலாக வைக்காதீர்கள். மைக்கை எவ்வளவு கிட்ட வைப்பது என்பது தொழில்நுட்பக்காரர் கையில், அரங்கில் அந்தக் கை இல்லை.

நிகழ்ச்சியை நிரப்ப வேறு என்ன? ஸ்டீஃபன் டாட்ஜ்சனின் 1968 டுவோ கொன்செர்ட்டான்ட்டே கூர்மையானது, தாளக்கட்டு கடினம், இரண்டு கருவியையும் சண்டைக்கு விடும் துணிச்சல் உள்ளது. போன்சேயைவிட இதில் சமநிலைத் தொல்லை குறைவு, ஒத்திகை இரண்டு மடங்கு. பொக்கெரீனியின் ஃபான்டாங்கோவை கிட்டார் கலைஞர் ஜூலியன் பிரீம் இந்த ஜோடிக்கு மாற்றி, ஹார்ப்சிகார்டில் ஜார்ஜ் மால்கமோடு வாசித்தார். கூட்டத்துக்குப் பிடிக்கும், சந்தேகமில்லை. பாஹிடம் படித்த ருடால்ஃப் ஸ்ட்ராவ்பெயின் சொனாட்டாக்கள் உண்மையில் ஆங்கில கிட்டார் என்ற வேறொரு கருவிக்கானவை. உலோகக் கம்பி, திறந்தபடியே சி மேஜர் கூட்டம். நம் கிட்டாரில் அவை பெயர்ப்புதான். காஸ்டெல்நுவோ-டெடெஸ்கோவின் ஓபஸ் 145 ஃபான்டசியாவை ஹார்ப்சிகார்டில் ஒப்பேற்றலாம் என்று நினைக்க வேண்டாம், அது பியானோவின் பெடலையும் அழுத்த வேறுபாட்டையும் நம்பி எழுதப்பட்டது.

வரிசை என்று பார்த்தால் போன்சே இடைவேளைக்கு அடுத்து வருவது நல்லது. ஹார்ப்சிகார்டுக்கு அப்போதுதான் சுருதி பார்த்திருப்பார்கள். கூட்டம் இன்னொன்று கேட்டால் போன்சேயின் சிறிய ஈ மேஜர் பிரெலூட் இருக்கிறது, செகோவியாவும் புயானாவும் பதிவு செய்தது. எழுந்து வணங்கிவிட்டு நேராக அதைத் தொடங்கிவிடாதீர்கள். ஈ மேஜரில் ஜி ஷார்ப் அடிக்கடி வரும், அது மூன்றாம் கம்பியின் முதல் ஃப்ரெட்டில் விழும், நைலானில் மோசமாக வழுக்கும் கம்பியும் அதுதான். கைதட்டல் அடங்குவதற்குள் அந்த ஒரு ஸ்வரத்தை ஹார்ப்சிகார்டோடு ஒட்டிப் பார்த்துவிடலாம்.